குழாயில் போடும் பணம்

"நீங்க குடுக்கிற எட்டு சதவீதத்துல எத்தனை சதவீதம் கடன் வாங்கிக் குடுக்கிறது? அதை மொதல்ல சொல்லு தம்பி."

பங்குத் தரகன் கில்லியம் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். சான் ஏஞ்சலோ ஊரில் பன்னிரண்டு வருடமாகக் கடை போட்டிருக்கிறான். எட்டு சதவீதம் என்றதும் வயதானவர்கள் பேனா தேடுவதைத்தான் பார்த்திருக்கிறான். எதிரே உட்கார்ந்திருந்த பண்ணைக்காரி லவெர்ன் அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். ரெட் தார்ன் பைப்லைன் கூட்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கை அவர் மடியில் விரிந்து கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.

கில்லியம் பொறுமையாக விளக்கினான். கேஸ் விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்தக் கம்பெனிக்குக் கவலை இல்லை. குழாயில் அனுப்புகிறவன் வாடகை கொடுத்தே ஆக வேண்டும். எல்லாம் இருபது வருட ஒப்பந்தம். பங்கு வாங்கிவிட்டுக் காலை நீட்டி உட்கார வேண்டியதுதான்.

அம்மாளுக்குக் கோபம்தான் வந்தது. பணம் போட்டவர்கள் வரிசையில் நிற்க, நிர்வாகம் செய்கிறவன் மட்டும் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். வரிக் காகிதத்தை மார்ச் கடைசியில் அனுப்பினால், அதற்கு முன்பே வரி கட்டி முடித்த யோக்கியர்கள் என்ன செய்வது என்றும் கேட்டார். இரண்டையும் கில்லியமிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவன் சிரித்துச் சமாளித்தான்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். எல்லாக் கம்பெனியிலயும் இப்படித்தான்."

"எல்லாரும் திருடினா அது திருட்டு இல்லையா?" என்றார் அம்மாள். "மூணு வருஷமா மழை இல்ல. மாடு எல்லாத்தையும் வித்தாச்சு. இனிமே கைக்கு வரப்போறது இந்த ஒரு பணம்தான். எங்க ரெண்டு பேருக்கும் கடைசி வரைக்கும் அதுதான் சாப்பாடு. இந்தக் கம்பெனிக்காரன்கிட்ட ஏமாந்தேன்னா திரும்ப எழுந்து நிக்க வயசு இல்ல."

கில்லியம் தன் பெரிய சரக்கை எடுத்து வெளியே வைத்தான். கடற்கரை வரை முந்நூறு மைலுக்குப் புதுக் குழாய் போடுகிறார்கள். அது ஓட ஆரம்பித்தால் எட்டு பத்தாகும்.

அம்மாள் அறுபத்தோராம் பக்கத்தில் விரலை வைத்தார். நவம்பர் முதல் தேதிக்குள் கேஸ் ஓடாவிட்டால் கேஸ் அனுப்ப ஒப்பந்தம் போட்டவர்கள் கழன்றுகொள்ளலாம் என்று அங்கே பொடி எழுத்தில் போட்டிருந்தது.

"வழியில எவனாவது நிலத்தைக் குடுக்க மாட்டேன்னு உக்காந்துட்டா?"

"கோர்ட்டு மூலமா எடுத்துக்குவாங்க. சட்டம் இருக்கு."

"கோர்ட்டு எப்ப முடியும்?"

"ஒரு ஆறேழு மாசம். அடுத்த வசந்தத்துல."

"நவம்பர் எப்ப வருது?"

கில்லியம் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டான்.

அம்மாள் அறிக்கையைப் பட்டென்று மூடினார். "ஒரு கிழவன் கேட்டைப் பூட்டிக்கிட்டா நின்னுபோற கம்பெனி. இதைப் போய் வயசானவங்க தலையில கட்டுறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

கில்லியமுக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் சொந்த சேமிப்பு மட்டுமல்ல, அவன் அம்மாவின் பணமும் ரெட் தார்னில்தான் இருக்கிறது. தன் சரக்கைச் சொத்தை என்றால் எந்த வியாபாரிக்குத்தான் பொறுக்கும்? கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேசை மேல் சாய்ந்தான். போன மாதம் ஹூஸ்டனில் கம்பெனிக்காரர்கள் விருந்து கொடுத்தார்கள், இரண்டாவது கிளாஸுக்கு மேல் அவர்களே சொன்ன விஷயம் என்று ஆரம்பித்தான்.

"முந்நூறு மைல்ல ஒரே ஒருத்தர்தான் பாக்கி. யாரோ ஒரு பெரியவர். அவருக்குச் சில்லறையைக் காட்டி, கோர்ட்டுன்னு மெரட்டி வெச்சிருக்காங்க. இந்த வாரமே கையெழுத்துப் போட்டுடுவாரு. போடலைன்னாத்தான் என்ன? ஒரு நாள் தள்ளிப்போனா ரெண்டு லட்சம் டாலர் நஷ்டம். அவரு முரண்டு பிடிச்சா பத்து லட்சம் வரைக்கும் குடுத்து முடிக்கலாம்னு தனியா எடுத்து வெச்சிருக்காங்க. பாவம், அவருக்குத்தான் அது தெரியாது. இப்ப சொல்லுங்க மேடம், இது நின்னுபோற கம்பெனியா?"

அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

"இல்ல தம்பி. நான்தான் தப்பா எடை போட்டுட்டேன். வசதியான கம்பெனிதான்."

கில்லியம் விண்ணப்பத்தை எடுத்து நீட்டினான். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி, அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார் அம்மாள். முரட்டு வாடிக்கையாளரை மடக்கிய பெருமையோடு அவன் வாசல் வரை வந்து கதவைத் திறந்துவிட்டான்.

தெருவோரம் நின்ற பிக்கப் வண்டியில் அவர் கணவர் எல்ராய், ஏதோ ஒரு பத்திரத்தை ஸ்டியரிங் மேல் விரித்துப் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பேனாவை மூடு எல்ராய்," என்றார் லவெர்ன் அம்மாள், வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியபடி. "நம்ம நிலத்துல குழாய் போட முப்பத்தெட்டாயிரத்துக்கு மேல ஒரு டாலர் கிடையாதுன்னு கோர்ட்டைக் காட்டி மெரட்டினானே, அவன் நமக்குன்னு பத்து லட்சம் எடுத்து வெச்சிருக்கானாம்."