கோர்ட்டில் பறந்த மிட்டாய்

“பதினோரு வருஷம் ஜெயில்.” வெளியே வந்த வக்கீலம்மா சொல்லி முடிப்பதற்குள், கோர்ட்டு நடையில் நிற்கும் நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். கஜகஸ்தானின் ஷிம்கெண்ட் சந்தையில் மாக்பாலுக்குப் பக்கத்துக் கடைக்காரிகள் நாங்கள். புருஷன் இரும்புக் கம்பியால் அவள் வலது கையை நொறுக்கியபோது ஓடிப்போய்த் தூக்கியவர்களும் நாங்கள்தான். பெண்டாட்டியை அடித்தால் ஜெயில் இல்லாத பழைய சட்டத்தில் இரண்டு முறை வெறும் எச்சரிக்கையோடு தப்பியவன் அவன். ஜன்னல் வழியே வெயில் கொட்டுகிறது. ரவுஷான் அக்கா கைப்பையைத் திறக்கிறாள்; உள்ளே எங்கள் ஊர்க் கல்யாணத்தில் மணமக்கள் தலையில் வீசுகிற அதே மிட்டாய். “இங்க எதையும் வீசக் கூடாதுக்கா,” என்கிறான் காவலன். “உன்னையா வீசப் போறோம், தள்ளி நில்லு தம்பி.” அதற்குள் வக்கீலம்மாவோடு வந்து நின்ற மாக்பால் இடது கையால் ஒரு பிடி அள்ளிக் கூரையைப் பார்த்து எறிகிறாள். ஜிகினாத் தாள்கள் மின்னிக்கொண்டு விழுகின்றன, முட்டிமோதிப் பொறுக்குகிறோம். நல்ல சேதிக்கு வீசிய மிட்டாயை எடுத்துப்போனால் வீட்டுக்கு நல்லது. என் காலடியில் உருண்ட ஒன்றைக் காவலன் குனிந்து எடுக்கிறான். “என்னப்பா, நீயுமா?” என்கிறேன். அவன் தாளைப் பிரிக்காமல் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டுகிறான். “தங்கச்சிக்கு. கல்யாணமாகி நாலு மாசமாச்சு. போனையே எடுக்க மாட்டேங்கறா.”