வேறு பிறப்பு

"செத்துட்டாருன்னே போட்டுக்குங்க டீச்சர். கையெழுத்து நான் போட்டுத் தர்றேன்."

ஜெயமாலா சொன்ன வேகத்தில் மங்கைக்குப் பேனாவைத் திறக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

வாக்காளர் பட்டியலைத் திருத்த வீடு வீடாகப் போகும் வேலையை அங்கன்வாடி டீச்சரான மங்கைக்குக் கொடுத்திருந்தார்கள். செஞ்சி பஜாரை ஒட்டிய அந்தத் தெருவுக்கு அவள் புதிது. செத்தவர் பெயரை அடிக்க எந்த வீடும் லேசில் சம்மதிப்பதில்லை என்பது ஒரு வாரத்தில் அவளுக்குப் பழகியிருந்தது. எதிர்வீட்டுப் பெரியவர், "எம் பொண்டாட்டி பேரு ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டும், உனுக்கு இன்னா நஷ்டம்?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். அடிக்கச் சொல்லி அவசரப்பட்ட வீடு இதுதான் முதல்.

சுவரில் சந்தன மாலைக்குள் ஜெயமாலாவின் கணவர் அஜிதன் சிரித்துக்கொண்டிருந்தார். கருகருவென்று சுருட்டை முடி.

அரிசி வியாபாரம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பெங்களூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனவர். ஓசூர் பக்கத்தில் லாரி கவிழ்ந்து எரிந்துவிட்டது. உடல்கூட வீட்டுக்கு வரவில்லை. ஜெயமாலா எங்கும் நிற்காமல், பலமுறை சொல்லித் தேய்ந்த குரலில் சொல்லி முடித்தாள்.

"எந்தத் தேதி, அக்கா?"

"ஆடி மாசம்." அவள் தடுமாறினாள். "தேதி ஞாபகம் இல்ல."

"வருசா வருசம் திதி குடுப்பீங்கல்ல? அத வெச்சு சொல்லுங்க."

"நாங்க ஜைனங்க டீச்சர். எங்களுக்குத் திதி, திவசம் ஒண்ணும் கெடையாது. போன உயிரு அப்பவே வேற பொறப்பு எடுத்துடுது. அங்க அதுக்கு வேற வூடு, வேற சனம். இங்கேர்ந்து நாம எள்ளுந்தண்ணியும் எறைச்சா அதுக்கு எப்படிப் போய்ச் சேரும்?"

மங்கைக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. போன வருஷம் அவளுடைய நைனா இறந்ததிலிருந்து ஒவ்வோர் அமாவாசைக்கும் மேல்மலையனூர் பஸ்ஸில் இடிபட்டுப் போய் வருகிறாள். மனம்தான் ஆறவில்லை. இப்படி ஒரு நம்பிக்கை தனக்கும் இருந்தால் தேவலை என்று தோன்றியது.

உள்ளே இருந்து மகள் ஜினப்பிரியா வந்தாள். பொழுது சாயப் போகிறது, சாப்பிட வா என்று அம்மாவைக் கூப்பிட்டாள். நீ சாப்பிடு என்று ஜெயமாலா கையை மட்டும் அசைத்தாள்.

"தையில இவளுக்குக் கல்யாணம் டீச்சர். மாப்பிள்ளையும் இதே ஊருதான். பத்திரிகையில அவரு பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற'ன்னு போட்டாச்சு. நீங்க லிஸ்ட்ட ஆபீஸ் சுவத்துல ஒட்டுவீங்களாமே, அதுல மட்டும் அவரு உயிரோட இருந்தா நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

நியாயம்தான் என்று சொல்லிக்கொண்டே மங்கை அஜிதனின் வாக்காளர் அட்டை எண்ணை ஃபோனில் அடித்தாள். திரை சுற்றிச் சுற்றி நின்றது. அவள் அதைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி ஃபோனைப் பார்த்தாள்.

"நைனா போட்டோ அதுல வருமா டீச்சர்?" ஜினப்பிரியா எட்டிப் பார்த்தாள். "எங்ககிட்ட இந்த ஒண்ணுதான் இருக்குது. எனக்கு அவரு மொகமே மறந்துபோச்சு."

மங்கை ஃபோனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

"நெட்டு இல்லம்மா. சுத்திக்கினே இருக்குது."

அந்தப் பெண் சாப்பிட உள்ளே போனாள்.

படிவத்தில் அடுத்தடுத்து இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று 'இறந்தவர்', மற்றது 'இடம் மாறியவர்'. எதில் குறித்தாலும் பெயர் இந்தப் பட்டியலிலிருந்து போய்விடும். ஆபீசில் போய்க் குறித்துக்கொள்கிறேன் என்று மங்கை எழுந்தாள்.

"இங்கயே போடுங்க டீச்சர். நான் பாக்கணும்."

பேனா இரண்டு கட்டங்களுக்கும் நடுவே கொஞ்ச நேரம் நின்றது. ஐந்து வருஷ வேலையில் மங்கை தெரிந்தே ஒரு பொய் எழுதியதில்லை. 'இறந்தவர்' என்பதற்கு நேராக டிக் போட்டாள். ஜெயமாலா அதைக் குனிந்து பார்த்துவிட்டு, தாள் கிழிந்துவிடுவதுபோல அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்தபோது ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியிருந்தது. பொழுது போன பிறகு சாப்பிடும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"என்னால ராத்திரி பட்டினியாயிட்டீங்கக்கா."

"இருக்கட்டும். ஒரு வேளைதானே."

ஜெயமாலா தெருவாசல் வரை கூடவே வந்தாள். உள்ளே மகள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறதா என்று நின்று கவனித்தாள். பிறகு ஃபோன் இருந்த மங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓசூர்ல இப்ப எடுத்த போட்டோ வந்திருக்குமே டீச்சர்," என்றாள் மெதுவாக. "முடியெல்லாம் நரைச்சிட்டுதா?"