மேல் கிளையில் ஓர் இலை

"அந்த இடம் என் பொண்ணோடது. அதுல கையை வைக்காதீங்க!"

பின்னாலிருந்து வந்த அதட்டலில், தூரிகையோடு நின்றவன் ஓரடி பின்வாங்கினான். ஓவியக் கல்லூரிப் பட்டாளத்திலேயே உயரமானவன். ஏணி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கு வெளியே, சுவர் முழுக்க ஒரு பெரிய மரம். அடிமரமும் கிளைகளும் மாணவர்கள் வரைந்தவை. இலைகள் மட்டும் பிள்ளைகளுடையவை. பச்சைச் சாயத்தில் தோய்த்த உள்ளங்கையைச் சுவரில் பதித்தால் ஓர் இலை. அதற்கு ஒரு சட்டமும் உண்டு: வீட்டுக்குப் போகிற பிள்ளை மட்டும்தான் இலை வைக்கலாம்.

சட்டம் போட்டவள் மாணவர் தலைவி. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிற வாண்டுகள், "இலை வைக்கணும்ல?" என்று கேட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டின.

சத்தம் கேட்டுத் தலைவி ஓடி வந்தாள். வந்திருப்பது மேஸ்திரியின் அம்மா.

மேஸ்திரிக்கு ஆறு வயது. குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டே வந்து நின்று இவர்களை வேலை வாங்குவாள். "ஏணியண்ணா, கிளை கோணல்!" "அக்கா, குருவிக்கு மூக்கு பெருசு!" வாய் ஓயாது. ஏணியின் தோளில் ஏறி, குருவிக்குப் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, அது தன் இடம் என்று பட்டா எழுதிக்கொண்டவள். இந்த வாரம் அவளைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார்களாம். அதன்பிறகு வேலையே ஓடவில்லை.

"இடத்தை யாரும் பிடுங்கிக்கலைக்கா," என்றாள் தலைவி. "சாயங்காலம் வார்னிஷ் அடிக்கிறோம். அப்புறம் இலை வைக்க முடியாது. மேஸ்திரி வீட்டுக்குப் போக இன்னும் நாளாகும்னு நினைச்சோம். மேல மொட்டையா தெரியுமேன்னுதான்..."

"இன்னைக்குப் போறோம்."

"நிஜமாவா?"

"கையெழுத்தெல்லாம் வாங்கிட்டாங்க. வண்டிக்குச் சொல்லியாச்சு. அவங்கப்பா கீழ நிக்கிறாரு."

தலைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "டேய் ஏணி, கேட்டியா! நம்ம மேஸ்திரி வீட்டுக்குப் போறாளாம்! கூட்டிட்டு வாங்கக்கா. இவன் தூக்கிப் பிடிப்பான்."

"அவ வர மாட்டா."

"ஏன், நாங்க வந்து பார்க்கலைன்னு கோபமா?"

"படுத்திருக்கா. ஒரு பேப்பரும் கொஞ்சம் சாயமும் குடுங்க. அங்கேயே வச்சு எடுத்துட்டு வரேன். நீங்க ஒட்டிடுங்க."

"பேப்பரா? எல்லாரும் சுவத்துலதானே வச்சிருக்காங்க! இவளுக்கு மட்டும் ஒட்டினா மத்த பிள்ளைங்க கேட்காதா? எப்படியும் இந்த வழியாத்தானே போகணும். போறப்ப ஒரு நிமிஷம் நின்னு..."

"போறப்ப முடியாதுன்னா முடியாது!"

வார்டுக் கதவில் குட்டித் தலைகள் எட்டிப் பார்த்தன. தலைவிக்குச் சுருக்கென்றது. பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போகிற நாளில்கூடவா இப்படிச் சிடுசிடுப்பார்கள்?

அந்தப் பக்கமாக வந்த சிஸ்டரிடம் நியாயம் கேட்டாள். "சிஸ்டர், மேஸ்திரி இன்னைக்கு வீட்டுக்குப் போறாளாமே? போறப்ப இங்க ஒரு நிமிஷம் நிறுத்தக் கூடாதா?"

சிஸ்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் சிஸ்டரைப் பார்த்தாள். அது கெஞ்சலா, மிரட்டலா என்று தலைவிக்குப் புரியவில்லை.

"ஆமா, போறா," என்றார் சிஸ்டர். "கேட்கிறதைக் குடுத்துடும்மா." வந்த வேலையை மறந்தவர்போலத் திரும்பி விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

தலைவி மனசில்லாமல்தான் தட்டில் சாயத்தை ஊற்றினாள். "சோப்பு போட்டா போயிடும்க்கா. பயப்படாதீங்க."

அம்மா தலையாட்டிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது தாளை இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்திருந்தாள். ஈரம் காயாத சின்னப் பச்சைக் கை.

தலைவியின் கோபம் அதைப் பார்த்ததும் பறந்துவிட்டது. "ஏணி, இதைப் பாரேன்! மத்ததெல்லாம் கூச்சத்துல நெளிஞ்சு, ஈஷி, ஒரே அலங்கோலம். இவ ஒரு விரலைக்கூட அசைக்கலை! எங்களை அந்தப் பாடு படுத்தினவளா இவ? சிரிச்சாளாக்கா?"

அம்மா தாளை ஏணியிடம் நீட்டினாள். "சமத்தா இருந்தா," என்றாள்.

ஏணி எக்கி நின்று, குருவிக்குப் பக்கத்தில் இலையை ஒட்டினான்.

"இனிமே யாரும் எடுக்க மாட்டீங்கல்ல?"

"வார்னிஷ் அடிச்சுட்டா அசைக்க முடியாதுக்கா. வருஷக்கணக்கா இருக்கும்."

அம்மா மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

"மேஸ்திரி வீட்டுக்குப் போறா! மேஸ்திரி வீட்டுக்குப் போறா!" கதவோரம் நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். தலைவியும் சேர்ந்து தட்டினாள்.

தனி அறைப் பக்கம் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. சிஸ்டர் அவசரமாக வந்து பிள்ளைகளை உள்ளே தள்ளி வார்டுக் கதவைச் சாத்தினார். ஸ்ட்ரெச்சர் ஒன்று லிஃப்டை நோக்கிப் போனது. கூடவே மேஸ்திரியின் அம்மா.

"டாட்டா மேஸ்திரி!" என்று தலைவி கையைத் தூக்கினாள்.

தூக்கிய கை அப்படியே நின்றது. தலையோடு சேர்த்து மூடியிருந்த வெள்ளைத் துணிக்கு வெளியே, கழுவாத பச்சையோடு ஒரு சின்னக் கை சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.