ஒரு நூல் அளவு

"இன்னும் காட்டுக்குள்ளதான் கீறியாம். வெளிய வந்தப்புறம் ஊட்டுக்குக் கூட்டினு போலாமாம்" என்று சிரித்தபடி சொன்னான் கோவர்த்தனன்.

கட்டிலில் வீங்கிய முகத்தோடு படுத்திருந்த வெங்கடலட்சுமியும் சிரித்தாள். "வியாதியைக்கூடவா காடுன்னுவாங்க? இன்னா பாஷையோ மாமா!"

வெள்ளைக்கார டாக்டரம்மா அப்போதுதான், "நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ் யெட்" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருந்தார். பக்கத்துக் கட்டில் கங்கம்மா, "உப்பில்லாக் கஞ்சியை இந்தம்மா ஒருநாள் குடிச்சிப் பாக்கட்டும்" என்று முணுமுணுத்தாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அவளைத் தாண்டிப் போனார்.

கோவர்த்தனன் நகரியில் இங்கிலீஷ் வாத்தியார். இந்த மாதிரிச் சொற்றொடர்களைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் எடுக்கக் கூடாது என்று வகுப்பில் தொண்டை வற்றக் கத்துகிறவன். ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்றுதான் டாக்டரம்மா சொன்னார். மனைவியிடம் மட்டும் அவன் வார்த்தைக்கு வார்த்தை அர்த்தத்தையே பிடித்துக்கொண்டான்.

கிட்னி கெட்டு, கால் வீங்கி, சித்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள் வெங்கடலட்சுமி. இங்கிலீஷில் அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. அது ஒன்றுதான் கோவர்த்தனனுக்கு இருந்த ஆறுதல்.

"நைனா ஊருக்கு ஒருவாட்டி போணும் மாமா. அந்தத் திருத்தணிப் பக்கமெல்லாம் ஏப்ரல் ஒண்ணாந்தேதி மெட்ராஸ் ராஜ்ஜியத்தோட சேந்துடுதாமே. நாம மட்டும் ஆந்திராவுலயே நிக்கிறோமாம்."

"அதுக்குள்ள கூட்டினு போறேன் லச்சுமி."

அடுத்த வாரம் டாக்டரம்மா கட்டிலருகே வெகுநேரம் நின்றார். பிறகு அவன் பக்கம் திரும்பி, "ஷீ இஸ் ஹேங்கிங் பை எ த்ரெட்" என்றார். உயிர் ஒரு நூலில் தொங்குகிறதாம்.

"இன்னாவாம்?"

"நூலு... ஒரு நூல் அளவுக்குத்தான் வியாதி பாக்கி கீதாம்."

"பாத்தியா, நான் சொல்லல?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி, குழாயடிக்குப் போய்த் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். திரும்பி வந்தவனின் சிவந்த கண்களைப் பார்த்து, "சோப்பு பட்டுச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினான்.

சில நாள் கழித்து, "இட் இஸ் ஒன்லி எ மேட்டர் ஆஃப் டைம்" என்றார் டாக்டரம்மா. இனி நாளை எண்ண வேண்டியதுதான் என்ற அதற்கும் கோவர்த்தனன் வேறோர் அர்த்தம் தேடிப் பிடித்தான்.

"கொஞ்சம் டைம் ஆவுமாம். அவ்ளோதான்."

"ஆவட்டுமே. எல்லைக் கோடு மாறினா நைனா ஊட்டு வாசப்படி மாறிடுமா? நிதானமா போலாம்" என்றாள் அவள். "நீ மட்டும் வேளாவேளைக்கு துன்னு மாமா. இளைச்சிப் போய்க்கினே கீற."

அந்த மாதம் முடியவில்லை. ஒரு விடியற்காலையில் வெங்கடலட்சுமியின் மூச்சு நின்றுவிட்டது.

வராந்தா பெஞ்சில் உடைந்து கிடந்தவனின் பக்கத்தில் டாக்டரம்மா வந்து உட்கார்ந்தார். "நீங்க சொன்ன ஒரு வார்த்தையைக்கூட அவகிட்ட உண்மையா சொல்லல. கடைசி வரைக்கும் அவளை ஏமாத்திட்டேன்" என்று இங்கிலீஷில் தேம்பினான் கோவர்த்தனன்.

டாக்டரம்மா அவன் தோளில் கை வைத்தார்.

"அவளுக்கு எல்லாம் தெரியும்பா. வந்த அன்னிக்கே நான் சொல்லிட்டேன்."

தெளிவான வேலூர்த் தமிழ். கோவர்த்தனன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "உங்களுக்குத் தமிழ்... அப்போ எங்கிட்ட மட்டும் ஏன் இங்கிலீஷ்ல..."

"'எனக்குப் புரியலன்னு நெனச்சிக்கினு இருந்தாத்தான் மாமா தைரியமா இருக்கும்'னு அவதாம்பா கேட்டுக்கினா."