ஒரே கம்பி

"சத்தமாச் சொல்லு ஓட்டோ, பாதிதான் கேட்டுச்சு."

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா, ஹில்டா?"

அந்தக் குளிர்காலத்தில் பனி பாதைகளை மூடியிருந்தது. அது உருகும்வரை பொறுக்க முடியாமல் ஓட்டோ தன் பண்ணையிலிருந்து தொலைபேசியிலேயே கேட்டுவிட்டான். சோளவயல்களுக்கு நடுவே சிதறிக் கிடந்த எங்கள் பண்ணைகள் எல்லாவற்றுக்கும் ஒரே தொலைபேசிக் கம்பிதான். ஒரு வீட்டுக்கு வரும் அழைப்பு எல்லா வீட்டிலும் மணியடிக்கும். எல்லோரும் எடுத்துக் கேட்பார்கள். அது எங்களுக்குத் தப்பாகத் தெரிந்ததேயில்லை. ஆனால் ஒவ்வொருவர் எடுக்கும்போதும் பேசுகிறவரின் குரல் கொஞ்சம் தேயும்.

பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு, "சரி" என்றேன். டக், டக்கென்று மேலும் பலர் எடுக்கும் சத்தம். யாருடைய சமையலறையிலோ ஒரு கோழி கொக்கரித்தது.

"என்ன சொன்னா?" என்று கம்பியில் கேட்டார் பக்கத்துப் பண்ணை நெட்டி அத்தையின் கணவர்.

"பேசாம இருங்க, அவ இன்னும் சொல்லல" என்றாள் அத்தை.

"சொல்லிட்டேன், சரின்னு சொல்லிட்டேன்" என்று கத்தினேன்.

ஓட்டோவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறியே, ஹில்டா. பிடிக்கலைன்னா வச்சிடறேன்."

இரண்டு கைகளாலும் தொலைபேசி ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நெட்டி அத்தை, நீங்களாவது வச்சிடுங்களேன், என் குரல் அவனுக்குப் போகட்டும்."