தாய்மாமனுக்குக் காய்ச்சல்

கட்டிலில் கோபி, மடியில் வறுத்த மல்லாட்டைக் கடலையோடு. மேசை முன் இருந்த ஒரே நாற்காலியில் நான், பேனாவோடு. மின்விசிறிக்கு எட்டாத மூலையில், முந்தானையைப் போர்த்திக்கொண்டு அவன் தங்கை கலைப்பிரியா.

நாளைக் காலையில் மயிலம் கோயிலில் அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடிக்கோ நாளை விழுப்புரம் அரிசி ஆலையில் டூட்டி.

முதலாளி விசேஷத்துக்கு லீவு தரமாட்டார். நோய்க்குத் தருவார், அதுவும் காகிதத்தில் எழுதிக் கேட்டால். போன தடவை கோபி ‘காய்ச்சல்’ என்று மட்டும் எழுதினான். சளிக்கெல்லாம் லீவா, ஆதாரம் எங்கே என்று கேட்டு, கூப்பிட்டு மூட்டை தூக்க வைத்துவிட்டார்.

அதனால் இந்த முறை ஃப்ளூ.

திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கே மனு எழுதித் தருகிறவன் நான். அறிகுறி தெரியாமல் பேனாவைத் திறப்பதில்லை.

“மூக்கு ஒழுவிக்கினே இருக்குதுன்னு போடுங்க சார்,” என்றான் கோபி.

“அது சளிண்ணா,” என்றாள் கலைப்பிரியா. “சளி மெள்ள மெள்ள வரும். இது நல்லா இருக்கிறப்பவே அடிச்சிப் போட்டுடும்.”

எழுதிக்கொண்டேன். காய்ச்சல் எப்படி இருக்கும் என்று அவளிடமே கேட்டேன்.

“மேல கொதிக்கும் சார். உள்ள குளிரும். பல்லு தந்தியடிக்கும்.”

உடம்பு வலி?

“முதுவுல நெல்லு மூட்டை ஏத்தின மாதிரி. கண்ணைத் திருப்பினாக்கூட வலிக்கும். வறட்டு இருமல். தொண்டையில எச்சில் இறங்காது. சோத்தைப் பார்த்தாலே வெறுப்பா வரும்.”

நர்ஸுக்குப் படித்திருக்க வேண்டிய பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

“அத்தனையும் எனக்கே போட்டுடுங்க சார்,” என்று கோபி மல்லாட்டைத் தோலை ஊதினான்.

‘மேற்கண்ட அறிகுறிகள் யாவும் எனக்கு இருப்பதால்’ என்று முடித்துக் கையெழுத்து வாங்கினேன். வாசலில் பைக் சத்தம். விழுப்புரம் பஸ் கண்டக்டர் திருமுருகன், டூட்டிக்குப் போகிற வழியில் கடிதத்தை வாங்கிப்போக வந்திருந்தார். கோபி எழுந்து வெளியே போனான்.

நான் கடிதத்தை உறையில் போட்டுவிட்டுப் பசை தேடினேன்.

“கொடுங்க சார், நான் ஒட்டுறேன்.”

கலைப்பிரியா உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, அழுத்தி ஒட்டித் தந்தாள். அப்போது அவள் விரல் என் கையில் பட்டது.

தோசைக்கல்.

நான் வாயைத் திறப்பதற்குள் தலையசைத்தாள். “நாளைக்கு ஒரு நாளு சார். ஊருக்கெல்லாம் பத்திரிகை வெச்சாச்சி. அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க.”

திருமுருகன் உறையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு புறப்பட்டார்.

“ஆதாரம் கேட்டு முதலாளி மறுபடி பேஜாரு பண்ணுவாரா சார்?” என்றான் கோபி.

“ஆதாரத்தை உறையிலேயே ஒட்டி அனுப்பியிருக்கு,” என்றேன்.