பன்னிரண்டாவது சீட்டு

டாக்டர் செண்பகவல்லியின் மேசைமேல் ஒரு பேனாவும் ஒரு செல்போனும் இருந்தன. போதை ஊசியை விட்டுவிட நினைத்து வந்த பதினோரு பேருக்கும் பேனா எழுதியது ஒரே வரிதான்: "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும்." போதையை விட உதவும் மாத்திரை ஒன்று உண்டு; அதை எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பதில் டாக்டருக்குப் பயம். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை.

பன்னிரண்டாவதாகத் தனிஸ்லாஸ் வந்தார். "வேற ஊருக்கு அனுப்பாதீங்கம்மா. பாதி வழியிலயே ஊசி தேடிப் போயிடுவேன்" என்றார்.

டாக்டர் யோசித்துவிட்டு, செல்போனில் அந்த மாத்திரையைக் கொடுக்க வழிகாட்டும், புதிதாக வந்திருந்த செயலியைத் திறந்தார். பேனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "மாத்திரையை எழுதிடலாமே தம்பி" என்றது.

"அவசரக்குடுக்கை அண்ணே நீங்க. கடைசி ஊசி எப்போன்னு டாக்டர் முதல்ல கேட்கட்டும்" என்றது செல்போன்.

டாக்டர் கேட்டார். "காலையில ஆறு மணிக்கும்மா" என்றார் தனிஸ்லாஸ். அப்போது மணி பத்து.

"நாலு மணி நேரம்தான் ஆகுது. பழைய போதை உடம்புல இருக்கும்போது இந்த மாத்திரை உள்ளே போனா, ஆளை முறுக்கிப் போட்டுடும்" என்றது செல்போன்.

தனிஸ்லாஸ் பெஞ்சில் காத்திருந்தார். அவருடைய கொட்டாவி, வியர்வை, நடுக்கம் எல்லாவற்றையும் டாக்டர் அவ்வப்போது பார்த்துச் சொல்ல, செல்போன் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டிக்கொண்டே வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு, "இப்போ கொடுக்கலாம்" என்று அளவையும் காட்டியது. பேனா நிதானமாக எழுதியது.

மாத்திரை நாக்கின் அடியில் கரைந்தது. முக்கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது.

"என் கையாலேயே அவரைக் கெடுத்திருப்பேன் தம்பி. நல்லவேளை, நீ இருந்தே" என்றது பேனா.

தனிஸ்லாஸ் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்மா?" என்று கேட்டார்.

அந்த மேசைக்கு முன்னால் அதுவரை அப்படி யாரும் கேட்டதில்லை.